கட்டினாலும், கட்டியும்

"கட்டினாரா, கட்டலியா?"

சிவப்புப் பேனாவைத் தாளின்மேல் நிறுத்திவைத்துக்கொண்டு சார் கேட்டார். நான் வேலைக்குச் சேர்ந்து அன்றைக்கு மூன்றாவது நாள்.

அடையாறில் ஒரு வீட்டுக்காரருக்கும் குடிவரவிருந்தவருக்கும் தகராறு. குடிவரவிருந்தவரின் வக்கீல் ஆங்கிலத்தில் அனுப்பிய நோட்டீஸைத் தமிழாக்குவது என் வேலை. அதில் இரண்டு வாக்கியங்கள். அட்வான்ஸ் தொகை முழுவதையும் என் கட்சிக்காரர் கட்டிவிட்டார் என்பது முதலாவது. இரண்டாவது வாக்கியம் 'நெவர்தலெஸ்' என்று தொடங்கியது: வீட்டுச் சாவி இன்னும் அவர் கைக்கு வரவில்லை. இரண்டையும் சேர்த்து, "முன்பணம் முழுவதையும் கட்டினாலும், வீட்டுச் சாவி ஒப்படைக்கப்படவில்லை" என்று எழுதியிருந்தேன். சரளமாக வந்திருக்கிறது என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

"கட்டினார் சார்."

"நீ எழுதியிருக்கறதப் படிச்சா அப்படித் தெரியலயேம்மா. 'நாளைக்குக் கட்டினாலும் சாவி கிடையாது'ன்னு யாராவது சொன்னா, அங்கேயும் இதே 'கட்டினாலும்'தானே? நடந்ததையும் சொல்லுது, நடக்காததையும் சொல்லுது. இவர் ரசீது வெச்சிருக்கார். எதிர்த்தரப்பு வக்கீல் உன் 'ஆலும்'ஐப் புடிச்சுத் தொங்கினா என்ன பண்ணுவே?"

'கட்டினாலும்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'கட்டியும்' என்று எழுதினார். "முன்பணம் முழுவதையும் கட்டியும், சாவி ஒப்படைக்கப்படவில்லை." ஓரிரு எழுத்து மாற்றத்தில் பணம் கைமாறிவிட்டது.

எங்கள் அறை மயிலாப்பூர் கச்சேரி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. சாலைக்குப் பெயர் கொடுத்தது பாட்டுக் கச்சேரி இல்லை, அந்தக் காலத்து அரசாங்கக் கச்சேரி என்பதை சார் முதல் நாளே சொல்லிவிட்டார். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கிரயப் பத்திரம், உயில், சாட்சியம், வக்கீல் நோட்டீஸ் என்று என்ன வந்தாலும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோய், கடைசித் தாளில் 'உண்மையான மொழிபெயர்ப்பு' என்று சான்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்துக்காகத்தான் வக்கீல்கள் மாடி ஏறி வருகிறார்கள்.

நான் விழுப்புரத்தில் ஆங்கில இலக்கியம் படித்தவள். தி.நகரில் பெண்கள் விடுதியில் இடம் பிடித்துக்கொண்டு வேலை தேடியபோது, இரண்டு மொழியும் தெரிந்தவளுக்கு இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்ற நினைப்போடுதான் இங்கே வந்தேன். சேர்ந்த பிறகு முதல் இரண்டு மாதமும் பெரும்பாலும் ஒரே ஒரு சொல்லில்தான் போயிற்று.

சார் சொல் சொல்லாகக் கற்றுக்கொடுப்பவர் இல்லை. பிழை வந்தால் அந்தப் பிழையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டுவார். 'கட்டினாலும்' என்பதில் தொடங்கிய வாரம் இப்படிப் போயிற்று.

"மழை பெய்தும் வந்தார்" என்றால் மழை பெய்தது, சந்தேகமில்லை. "மழை பெய்தாலும் வருவார்" என்றால் மழை வானத்திலேயே இருக்கிறது. "மழை பெய்தாலும் வந்தார்" என்றால்? இங்கேதான் சிக்கல். பேச்சில் இதையும் நடந்ததற்குச் சொல்கிறோம். கேட்பவருக்குக் குழப்பம் வருவதில்லை, ஏனென்றால் அவரும் மழையில் நனைந்திருப்பார். பத்திரத்தைப் படிப்பவர் நனைந்தவர் இல்லை. அவருக்கு எழுத்துதான் சாட்சி. ஆகவே நடந்து முடிந்த சங்கதிக்கு 'பெய்தும்', 'கட்டியும்', 'இருந்தும்'. நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்பதற்கு 'பெய்தாலும்', 'கட்டினாலும்', 'இருந்தாலும்'. இதை இலக்கண விதி என்று சார் சொல்லவில்லை. "இது நம்ம கடை விதி" என்றார்.

ஆங்கிலத்து 'நெவர்தலெஸ்' எப்போதும் நடந்ததன் மேல்தான் நிற்கும். முதலில் ஒரு வாக்கியம் முடிந்து, முற்றுப்புள்ளி விழுந்து, அது உண்மை என்று உறுதியான பிறகுதான் அடுத்த வாக்கியத்தின் வாசலில் அது வந்து நிற்கும். தமிழில் அந்தச் சுமையை முதல் வாக்கியத்தின் வினையே வாலில் தூக்கிக்கொள்கிறது. 'உம்' என்ற இரண்டெழுத்து வால். இது பிடிபடாமல்தான் ஆரம்பத்தில் நான் ஆங்கிலத்தில் எங்கெல்லாம் அந்தச் சொல் வருகிறதோ அங்கெல்லாம் 'இருப்பினும்' என்று நட்டுவைத்தேன். கைப்பேசியில் போட்டுப் பார்த்தாலும் பெரும்பாலும் அதைத்தான் கொடுக்கும். நான் கொடுத்த ஒரு பதினான்கு பக்கத் தாளில் பதினோரு 'இருப்பினும்'. சார் பதினொன்றையும் வட்டம் போட்டுத் திருப்பித் தந்தார். திட்டவில்லை. "எல்லா வீட்டு வாசல்லயும் ஒரே கோலமா இருக்கு" என்றார்.

அந்த வட்டங்களில் ஏழு, வினையின் வாலில் கரைந்துபோயின. இரண்டு தேவையே இல்லாதவை. இரண்டுதான் நின்றன.

*

ஒரு சொல்லை மொழிபெயர்க்கும் முன் அது எந்த ஊர்க்காரர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்க வேண்டும் என்பது சாரின் பழக்கம். அவருடைய அலமாரியில் வின்ஸ்லோவின் தமிழ்-ஆங்கில அகராதி இருக்கிறது. 1862-இல் முதலில் வெளிவந்தது. இவரிடம் இருப்பது மறுபதிப்பு, லஸ் முனையில் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. சென்னைப் பல்கலைக்கழகம் 1960-களில் வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் பக்கத்தில் நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. 1992-இல் வந்த முதல் பதிப்பும், 2008-இல் விரிவாக்கி வந்ததும். "அகராதி கையில இருக்கணும். ஆனா அதுக்குள்ளயே குடியிருக்கக் கூடாது" என்பார்.

'நெவர்தலெஸ்' என்ற சொல்லைப் பிரித்துக் காட்டினார். நெவர், த, லெஸ். கடைசியில் இருப்பது 'குறைவு'. முதலில் இருப்பது 'ஒருபோதும் இல்லை'. நடுவில் உள்ள 'த' என்பதை நாம் பள்ளியில் படித்த சுட்டுச்சொல் என்று நினைத்துவிடக் கூடாது. பழைய ஆங்கிலத்தில் வேற்றுமை உருபுகள் இருந்தன. 'அதனால்' என்று பொருள் தரும் ஒரு வடிவம் இருந்தது. அதன் எச்சம்தான் இந்த 'த'. நம் கணக்கில் மூன்றாம் வேற்றுமை. ஆக மொத்தச் சொல்லுக்கும் பொருள்: அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

நான் அதை நோட்டில் எழுதிவைத்துக்கொண்டேன். அதுவரை அந்தச் சொல் எனக்கு 'ஆனால்' என்பதற்குக் கோட்டும் டையும் மாட்டிவிட்டது மாதிரிதான் இருந்தது. பிரித்துப் பார்த்தபோது உள்ளே ஒரு தராசு தெரிந்தது. ஒரு தட்டில் பாரம் ஏறியிருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன், ஆயினும் இந்தத் தட்டில் உள்ளது குறையவில்லை.

காய்ச்சிய பாலையும் சுட்ட சங்கையும் வைத்து ஔவையார் மூதுரையில் சொல்லும் கருத்தை சார் அப்போது நினைவுபடுத்தினார். காய்ச்சினாலும் சுட்டாலும், பாலின் சுவைக்கும் சங்கின் வெண்மைக்கும் குறைவில்லை. "நம்ம ஊர்ல இந்த வார்த்தைக்கு இதவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பால காய்ச்சலேன்னு அந்தம்மா சொல்லலியே" என்றார்.

கூடப் பிறந்தவர்களையும் அறிமுகம் செய்தார். 'நாட்வித்ஸ்டாண்டிங்' என்றால் குறுக்கே நிற்காமல். லத்தீனில் சட்ட மொழியில் இருந்ததை ஆங்கிலம் அப்படியே தன் வார்த்தையில் கட்டிக்கொண்டது. 'ஆல்பீட்' என்றால் அதெல்லாம் அப்படியே இருக்கட்டும். 'ஹவெவர்' என்றால் எப்படியானாலும். இந்த ஹவெவர் மென்மையான ஆள். பேச்சு வேறு பக்கம் திரும்புகிறது என்று கைகாட்டிவிட்டுப் போய்விடுவார். முந்தைய வாக்கியத்தின் முழுப் பாரத்தையும் தலையில் வாங்கிக்கொண்டு நிற்பது நெவர்தலெஸ்தான்.

தமிழிலும் இதே விசாரணையைச் செய்யச் சொன்னார். 'எனினும்' என்றால் என்று சொன்னாலும். 'ஆயினும்' என்றால் அப்படியே ஆனாலும். 'இருப்பினும்' என்றால் அப்படி இருந்தாலும். ஒன்று பேச்சை ஒப்புக்கொள்கிறது, ஒன்று நிகழ்வை, ஒன்று நிலையை. இன்றைக்கு எல்லாவற்றையும் ஒன்றுபோலவே புழங்குகிறோம். தொலைக்காட்சிச் செய்தியில் 'இருப்பினும்', மேடையில் 'ஆயினும்', கட்டுரையில் 'எனினும்', வீட்டில் 'இருந்தாலும்'. பொருள் வேறுபாடு போய், எந்தச் சட்டை போட்டிருக்கிறோம் என்கிற வேறுபாடு மட்டும் மிச்சம்.

எல்லாவற்றின் வாலிலும் அதே 'உம்'. தொல்காப்பியர் இடையியலில் இந்த உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்லியிருக்கிறார். சாரின் சொற்படி பெசன்ட் நகரில் உள்ள உ.வே.சா. நூலகத்துக்குப் போய் சேனாவரையர் உரையை ஒரு பகல் முழுக்கப் படித்தேன். பாதிதான் புரிந்தது. ஒன்று மட்டும் நன்றாகப் புரிந்தது: ஆங்கிலத்தில் தனிச் சொற்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று செய்யும் வேலையை, இங்கே ஒரு சின்ன வால் காலங்காலமாகச் செய்துகொண்டிருக்கிறது.

*

அடுத்த பாடம் 'ஆனால்' என்பதற்கும் 'ஆயினும்' என்பதற்கும் உள்ள தூரம். அதைக் கற்றுக்கொடுக்க சார் எடுத்துக்கொண்டது இட்லி.

"அண்ணன் மயிலாப்பூர்ல இருக்கான், ஆனா தம்பி அடையாறுல இருக்கான். சரியா?"

"சரி சார்."

"அண்ணன் மயிலாப்பூர்ல இருக்கான். ஆயினும் தம்பி அடையாறுல இருக்கான்."

சிரித்துவிட்டேன். அண்ணன் மயிலாப்பூரில் இருந்தால் தம்பியும் இங்கேதான் இருந்தாக வேண்டும் என்று யார் சொன்னது?

"அதான். வெறும் வித்தியாசத்துக்கு 'ஆனால்' போதும். முதல் பாதியைக் கேட்டவன் மனசுல ஒரு எதிர்பார்ப்பு எழும்பணும், ரெண்டாவது பாதி அதை ஏமாத்தணும். அப்பத்தான் 'ஆயினும்'. மசால் தோசை கேட்டேன், தீர்ந்துபோச்சாம், ஆயினும் இட்லி சாப்பிட்டேன்னு எழுதினா, இட்லி சாப்பிடறது என்னமோ வீரச் செயல் மாதிரி ஆயிடும்."

நான் படித்த காலத்துக் கட்டுரைகளை விடுதிக்குப் போய் எடுத்துப் பார்த்தேன். எத்தனை இட்லிகளை வீரத்தோடு சாப்பிட்டிருக்கிறேன்!

இன்னொரு வேறுபாட்டையும் சொன்னார். "நல்ல பையன்தான், ஆனா..." என்று ஒருவர் இழுத்தால், அந்த 'நல்ல பையன்' அங்கேயே செத்துவிட்டான். 'ஆனால்' வந்ததும் கேட்பவர் முன்னால் சொன்னதை மறந்துவிட்டுப் பின்னால் வருவதற்குக் காது கொடுக்கிறார். நெவர்தலெஸ் அப்படிக் கொல்வதில்லை. முதலில் சொன்னதும் உயிரோடு இருக்கும், பின்னால் வருவதும் உயிரோடு இருக்கும். எதிராளி சொன்னதற்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட்டுத் தன் கட்சியைச் சொல்வது. நல்ல வக்கீல்கள் எழுதும் ஆங்கிலத்தில் இந்தச் சொல் எங்கே வருகிறது என்று பார்த்தாலே, அவர்கள் எதை ஒப்புக்கொள்கிறார்கள், எதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்று தெரிந்துவிடும் என்பார் சார்.

*

பிறகு ஒரு வீட்டுப்பாடம். "ஒரு வாரம், போற வர்ற வழியில ஜனங்க இதை எப்படிச் சொல்றாங்கன்னு காதுல வாங்கிட்டு வா. எழுதறவங்க சொல்றது வேணாம்."

பை நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டேன். 'இருந்தாலும்' நிறையக் கிடைக்கும் என்று நினைத்தேன். கிடைத்தது வேறு.

பாண்டி பஜாரில் ஒரு நடைபாதைக் கடையில் குர்தி விலை கேட்டேன். கடைக்காரர் சொன்னார்: "விலை கூடத்தான்க்கா, இல்லேங்கல. துணியத் தொட்டுப் பாருங்க." இதில் ஆனாலும் இல்லை, ஆயினும் இல்லை. ஒரு 'தான்', ஒரு 'இல்லேங்கல'. ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டாயிற்று. துணியின் தரம் குறையவில்லை.

விடுதியில் பக்கத்துக் கட்டில் தோழி, தன் அம்மாவைப் பற்றி: "என்னதான் சண்ட போட்டாலும் மாசம் பொறந்தா முறுக்கு டப்பா வந்துடும்." 'என்னதான்' என்பது பாரத்தின் அளவை உயர்த்திக்கொண்டே போகிறது. எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிக்கொள், முறுக்கு வரும்.

கபாலீசுவரர் கோயில் குளக்கரையில் பூ விற்கும் அம்மா, தூறலில் தலைக்குமேல் பிளாஸ்டிக் தாளைப் பிடித்துக்கொண்டு: "மழ வந்தா என்னா, சாமிக்குப் பூ வேணாமா?" இவர் ஒப்புதலையே கேள்வியாக்கிவிட்டார்.

நான்காவது, லஸ் முனையில். மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்து அடைத்திருந்தார்கள். ஆட்டோ சுற்றிச் சுற்றிப் போனது. ரொம்பக் கஷ்டமா இருக்குமேண்ணா என்று கேட்டேன். "ரோட்ட மூடிட்டாங்கம்மா. அதுக்காக வண்டி ஓட்டாம இருக்க முடியுமா?"

திங்கட்கிழமை சாரிடம் வாசித்துக் காட்டினேன். முதல் மூன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தவர், நான்காவதைக் கேட்டதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதுக்காக! அந்த நடு 'த'ன்னு சொன்னேனே, 'அதனால்', இதுதாம்மா அது. ரோடு மூடினதால ஓட்டுறது குறையாது. அந்த ஆட்டோக்காரர் பழைய இங்கிலீஷ உடைச்சு உன் கையில குடுத்திருக்கார்."

அன்றைக்கு மட்டும் காப்பி அவர் செலவு.

*

சட்டத் தாள்களில் இந்தக் குடும்பத்துச் சொற்களுக்கு வேறு உத்தியோகம். அங்கே நாட்வித்ஸ்டாண்டிங் வந்தால், இரண்டு விதிகள் மோதும்போது எது ஜெயிக்கும் என்று சொல்கிறது. இதற்கு எதிர்ப்பக்கத்துச் சொல் 'உட்பட்டு'. சார் எனக்குக் கொடுத்த சூத்திரம் இது: "'உட்பட்டு'ன்னு வந்தா நான் குனியறேன். 'இருந்தபோதிலும்'னு வந்தா அவன் குனியறான்." யார் குனிகிறார் என்று தெரியாமல் மொழிபெயர்த்தால் சொத்து கைமாறிவிடும்.

பயிற்சிக்காக அவர் கொடுத்தது அரசியலமைப்புச் சட்டத்தின் மொழி பற்றிய பகுதி. 343-ஆம் உறுப்பு ஒன்றிய ஆட்சிமொழி இந்தி என்கிறது. உடனே இரண்டாவது கூறு, நாட்வித்ஸ்டாண்டிங் என்று தொடங்கி, பதினைந்து ஆண்டுகளுக்கு ஆங்கிலமே தொடரும் என்கிறது. மூன்றாவது கூறும் அதே சொல்லில் தொடங்கி, அதற்குப் பிறகும் ஆங்கிலத்தைத் தொடர நாடாளுமன்றம் சட்டம் செய்யலாம் என்கிறது. அந்தப் பதினைந்து ஆண்டுகள் 1965 ஜனவரி 26-ஆம் தேதி முடிந்தன. அந்த நாள் நெருங்கியபோது தமிழ்நாட்டில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் எப்படி வெடித்தது என்பதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1963-இல், ஆட்சிமொழிகள் சட்டம் வந்துவிட்டது. அதன் மூன்றாம் பிரிவும் நாட்வித்ஸ்டாண்டிங் என்றே தொடங்குகிறது: பதினைந்து ஆண்டுக் காலம் முடிந்தபோதிலும் இந்தியோடு ஆங்கிலமும் தொடரலாம். அந்தப் பிரிவில் இருந்த 'மே' என்ற சொல்லை, 'தொடரலாம்' என்பதன் அந்தத் தளர்ச்சியை, மாநிலங்களவையில் அண்ணா எதிர்த்துப் பேசினார். அந்த 'மே' பற்றி எல்லாரும் பேசியிருக்கிறார்கள். "அதே வாக்கியத்தோட தலைமாட்டுல இருக்கற நாட்வித்ஸ்டாண்டிங்க யாரும் கண்டுக்கறதில்ல" என்று சாருக்கு வருத்தம். டெல்லியில் ஆங்கிலம் இன்றைக்கும் இருப்பதற்குச் சட்டத்தில் கால் ஊன்ற இடம் கொடுத்தது அந்தச் சொல்.

எங்கள் பிழைப்பும் அதில்தான். உயர் நீதிமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் என்று சொல்லும் 348-ஆம் உறுப்பின் தொடக்கத்தில் ஒரு நாட்வித்ஸ்டாண்டிங். ஆளுநர், குடியரசுத் தலைவரின் முன் இசைவோடு, மாநில மொழியை அனுமதிக்கலாம் என்னும் அதன் இரண்டாவது கூறின் தொடக்கத்தில் இன்னொன்று. முதலாவதன்படிதான் சென்னை உயர் நீதிமன்றம் நடக்கிறது. இரண்டாவதைக் கேட்டுத் தமிழ்நாடு சட்டப்பேரவை 2006-இல் தீர்மானம் நிறைவேற்றியது, இசைவு வரவில்லை. கீழமை நீதிமன்றத்தில் தமிழில் பதிவாகும் சாட்சியம் மேல்முறையீட்டுக்குப் போகும்போது ஆங்கிலமாக வேண்டும். அந்தப் படிக்கட்டில்தான் எங்கள் மாதிரி ஆட்கள் உட்கார்ந்திருக்கிறோம்.

அப்படி வந்த ஒரு பாகப்பிரிவினை வழக்கின் சாட்சியத்தில் ஒரு வரி: "அண்ணன் கூப்பிட்டாலும் நான் போகவில்லை." அண்ணன் கூப்பிட்டாரா, இல்லையா? கூப்பிட்டார் என்றால் தம்பிக்குத் தகவல் தெரிந்திருக்கிறது. வழக்கே அந்த இடத்தில் திரும்பலாம். நான் அரை மணி நேரம் யோசித்துவிட்டு சாரிடம் போனேன்.

"கடைசி வினையப் பாரு. 'போகவில்லை', நடந்து முடிஞ்சது. 'போக மாட்டேன்'னு சொல்லியிருந்தா கூப்பிட்டது நிச்சயமில்ல. இங்க கூப்பிட்டார்ங்கற பக்கம்தான் சாயுது."

"அப்போ நடந்ததுன்னே எழுதிடலாமா சார்?"

"சாயுதுன்னுதான் சொன்னேன், விழுந்துடுச்சுன்னு சொல்லல. சாட்சி எவ்வளவு தெளிவா சொன்னாரோ அவ்வளவு தெளிவுதான் நம்ம தாள்லயும் இருக்கணும். அவர் குழப்பியிருந்தா நீயும் அதே அளவு குழப்பணும். அதைத் தெளிவாக்க வக்கீலுக்கு ஃபீஸ் குடுக்கறாங்க, நமக்கு இல்ல."

ஆங்கிலத்தில் அதே சாய்வு உள்ள தொடரைத் தேடிப் போட்டு, தமிழ் மூலத்தை அடிக்குறிப்பில் அப்படியே கொடுத்தோம். நோட்டீஸுக்கு ஒரு விதி, சாட்சியத்துக்கு ஒரு விதி என்பது அன்றைக்குப் புரிந்தது. நோட்டீஸில் கட்டியது கட்டியதுதான். சாட்சியத்தில் அவர் வாயில் வந்ததுதான்.

*

ஆறு மாதம் கழித்து மந்தைவெளியிலிருந்து ஒரு பெரியம்மா மாடி ஏறி வந்தார். எண்பது வயதுக்குக் கிட்டே இருக்கும். தமிழில் எழுதிய உயில் கையில். வெளிநாட்டில் இருக்கும் பேரன் பேத்திகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, ஆங்கிலத்தில் ஒரு பிரதி பக்கத்தில் இருக்கட்டும் என்றார். சார் அதை என்னிடம் தள்ளினார்.

பத்திரம் எழுதுபவர், அந்த அம்மா சொன்னதைச் சொன்னபடியே எழுதிக் கொடுத்திருந்தார். மூன்றாவது பக்கத்தில் இப்படி வந்தது: "என் மூத்த மகன் ஆறு வருஷமாக என்னை வந்து பார்க்கவில்லை. ஆயிரம் இருந்தாலும் அவன் நான் பெற்ற பிள்ளை. அவன் பங்கில் ஒரு பைசா குறையக் கூடாது."

'ஆயிரம் இருந்தாலும்' என்பதற்கு ஹவெவர் என்று போட்டேன். படித்துப் பார்த்தேன். ஆறு வருஷம் வராததை அது லேசாகத் தட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டது. அழித்துவிட்டு 'பட்' என்று போட்டேன். அது அந்த ஆறு வருஷத்தையே அழித்துவிட்டது. அந்த அம்மா அதை அழிக்கவில்லை. உயிலில், நான்கு பேர் படிக்கும்படி, கணக்குப் போட்டு எழுதவைத்திருக்கிறார். வராதது நடந்தது. அதை அவர் மன்னித்தாரா என்றும் எழுதவில்லை. பங்கு குறையாது என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

நெவர்தலெஸ் என்று தட்டினேன்.

சார் படித்தார். பேனாவை எடுக்கவில்லை.

தாளை வாங்க வந்த அன்று அந்த அம்மா மூன்றாவது பக்கத்தைத் திருப்பிக் கேட்டார். "ஆயிரம் இருந்தாலும்னு போட்டிருந்துதே, அதுக்கு இங்கிலீஷ்ல என்ன போட்டே கண்ணு?"

சொன்னேன்.

"அதுக்கு என்னா அர்த்தம்?"

"அதனால ஒண்ணும் குறைஞ்சிடாதுன்னு அர்த்தம்மா."

"அதத்தான நானும் சொன்னேன்" என்றார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி படி இறங்கிப் போனார்.

நான் இன்னும் கற்றுக்குட்டிதான். கையெழுத்துப் போடுவது இன்றும் சார்தான். ஆனாலும், மொழிபெயர்ப்பு செய்யாதவருக்கும் பயன்படும் என்று இரண்டு கேள்விகளை இங்கே விட்டுச் செல்கிறேன். அடுத்த முறை 'இருப்பினும்' என்று எழுதக் கை போகும்போது கேட்டுக்கொள்ளுங்கள். முன்னால் சொன்னது உண்மையிலேயே நடந்ததா? அதைக் கேட்டவர், பின்னால் நீங்கள் சொல்லப்போவதற்கு எதிரான ஒன்றை எதிர்பார்த்திருப்பாரா? இரண்டுக்கும் ஆமாம் என்றால், அந்தச் சொல்லுக்கோ வினையின் வாலில் ஓர் 'உம்'முக்கோ அங்கே வேலை இருக்கிறது. இல்லையென்றால் நீங்கள் வெறும் இட்லிதான் சாப்பிட்டிருக்கிறீர்கள். அதற்கு 'ஆனால்' போதும்.